வீட்டு நாய்க்கு ஒரு நடுகல்: குழி, பாத அச்சு, கல், எழுத்து

தோட்டத்தில் நாயைப் புதைத்த இடத்தில் வைத்த கல் ஆறே மாதத்தில் சாய்ந்து நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கல்லின் மேல் குற்றமில்லை. புதைத்த வாரமே, அதுவும் குழிக்கு நேர் மேலே, நட்டுவிட்டார்கள். தோண்டி எடுத்த மண்ணைத் திரும்பக் கொட்டினால் அது பழைய இறுக்கத்துக்கு வர ஒரு மழைக்காலமாவது ஆகும். உள்ளே உடல் மக்க மக்க மேல்மண்ணும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே இதை ஒரே நாள் வேலையாக நினைக்கக் கூடாது. சிலவற்றை முதல் நாளே முடித்தாக வேண்டும், சிலவற்றைத் தை மாதம் வரை ஒத்திப்போட்டாக வேண்டும். அழுத கண்ணோடு எல்லாவற்றையும் முதல் நாளே முடிக்கப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

இங்கே தரும் அளவுகள் 25 கிலோ எடையுள்ள நாய்க்கானவை. அதைவிடச் சிறிய நாய் என்றால் குழியின் நீள அகலத்தைக் குறைக்கலாம், ஆழத்தைக் குறைக்கக் கூடாது.

முதல் நான்கு மணி நேரம்

உயிர் பிரிந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையில் தொடங்கி உடல் விறைக்கும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதற்குள் நாயைச் சுருண்டு தூங்கும் வாக்கில் மடக்கி வைத்துவிட வேண்டும்: பின்னங்கால்கள் வயிற்றோடு, முன்னங்கால்கள் மார்போடு, வால் உள்பக்கம். விறைத்த பிறகு மடக்க முயன்றால் முடியாது. கால் நீட்டியபடியே கிடந்தால் குழி இரண்டு மடங்கு பெரிதாக வேண்டியிருக்கும். கண்கள் மூடாது. நாய்களுக்கு அது இயல்பு. விரலால் மூடி மூடிப் பார்க்க வேண்டாம், முகத்தின் மேல் ஒரு துணியைப் போடுங்கள், போதும்.

படுக்க வைக்கும் முன் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் நாலைந்து மடிப்பு செய்தித்தாள். தசைகள் தளர்வதால் சிறுநீரும் மலமும் வெளியேறும், தூக்கும்போது மூக்கிலிருந்தும் நீர் வரலாம். கையுறை கட்டாயம், எலிக் காய்ச்சல் கிருமி சிறுநீர் வழியாகத்தான் பரவுகிறது. இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள்: உடல் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் ஒவ்வொன்றாக இறங்கி நடக்க ஆரம்பிக்கும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஒளிந்திருந்தவை எல்லாம் வெளியே வரும். நாயை வீட்டுக்குள் மெத்தையிலோ சோபாவிலோ கிடத்தாமல் சிமெண்ட் தரையில் கிடத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஆள் வந்து குழி வெட்ட நேரமாகும் என்றால் ஐஸ் பொட்டலங்களைத் துணியில் சுற்றி வயிற்றுப் பக்கமும் தொடை இடுக்கிலும் வையுங்கள். முதலில் உப்புவது வயிறுதான். நம் ஊர்ச் சூட்டில் அன்றைக்கே புதைத்துவிடுவது நல்லது.

வெறிநோய் இருக்குமோ என்று துளி சந்தேகம் வந்தாலும், அதாவது கடைசி நாட்களில் குணம் மாறியது, எச்சில் ஒழுகியது, யாரையாவது கடித்தது என்றால், இனி வரும் எதையும் செய்யாதீர்கள். உடலைத் தொடாமல் கால்நடை மருத்துவரையும் உள்ளாட்சி அலுவலகத்தையும் கூப்பிடுங்கள். கடிபட்டவரும் எச்சில் பட்டவரும் சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

பாத அச்சு

இதுவும் விறைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது. முன்னங்கால் பாதம் பின்னங்காலைவிடப் பெரியது, அச்சுக்கு அதுவே நல்லது. விரல்களுக்கிடையில் வளர்ந்த முடியைச் சிறு கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் பதித்தால் அச்சில் பாதம் தெரியாது, பஞ்சு மூட்டைதான் தெரியும். பிறகு ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்ததும் தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் லேசாகத் தடவுங்கள்.

அரைக் கிலோ குயவர் களிமண்ணைச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து ஒரு இன்ச் கனத்தில் தட்டுங்கள். பாதத்தை நேராக மேலிருந்து அழுத்தி, நான்கு விரல் மெத்தைகளையும் நடுவில் உள்ள பெரிய மெத்தையையும் தனித்தனியே பெருவிரலால் ஒருமுறை அமுக்கிவிட்டு, நேராக மேலே எடுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் நகக்குறி இழுபடும். சரியாக வரவில்லையா, மண்ணை உருட்டித் திரும்பத் தட்டிக்கொள்ளலாம். களிமண்ணில் உள்ள சௌகரியமே அதுதான். மைதாவும் உப்பும் பிசைந்து செய்யும் முறையை இணையத்தில் பலர் காட்டுகிறார்கள். அது குளிர்நாட்டு வேலை. நம் ஊரில் உப்பு ஈரத்தை இழுத்து முதல் மழைக்கே கசியும், பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும்.

நாலு இன்ச் பிவிசி பைப்பில் ஒரு வளையம் அறுத்து, பதிந்த தடத்தைச் சுற்றிக் களிமண்ணில் அமுக்குங்கள். ஒரு கிண்ணத்தில் 100 மில்லி தண்ணீர். அதில் 200 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தூவித் தூவிப் போட்டு, ஒரு நிமிடம் ஊற விட்டு, மெதுவாகக் கலக்குங்கள். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும், வேகமாக அடித்தால் குமிழி பிடிக்கும். தோசை மாவு பதத்தில் வளையத்துக்குள் ஊற்றிப் பலகையை அடியில் நாலு தட்டு தட்டினால் குமிழிகள் மேலே வந்துவிடும். இறுகும்போது கை வைத்தால் சுடும், அது சரிதான். முக்கால் மணி கழித்து வளையத்தோடு எடுத்து, நிழலில் மூன்று நாள் காய விடுங்கள்.

எடுத்துப் பார்க்கும்போது பலர் திகைப்பார்கள். களிமண்ணில் குழிந்திருந்தது பிளாஸ்டரில் புடைத்து வரும். கையில் இருப்பது தடம் அல்ல, பாதமே. ஏமாற்றம் வேண்டாம், நமக்கு வேண்டியதும் இதுதான். கல் நடும் நாளில் இதுவே முத்திரையாகப் பயன்படும். பிளாஸ்டர் மழையில் கரையும், ஆகவே அதை நேராகத் தோட்டத்தில் பதித்துவிடாதீர்கள். இரண்டு பூச்சு பிரெஞ்ச் பாலிஷ் கொடுத்து அலமாரியில் வையுங்கள்.

குழி

இடம் தேர்ந்தெடுக்கும்போது கிணறும் ஆழ்துளைக் கிணறும் முதல் கணக்கு. 100 அடி தள்ளி இருந்தால் நிம்மதி. 50 அடிக்குள் தண்ணீர் எடுக்கும் இடம் இருந்தால் அந்தத் தோட்டத்தில் புதைக்கவே வேண்டாம். நிலத்தடித் தொட்டி, கழிவுக் குழாய், மின் கேபிள் போகும் தடம், பக்கத்து வீட்டு அஸ்திவாரம் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது. புறம்போக்கு, ஏரிக்கரை, காலி மனை எதுவும் ஆகாது. நகர எல்லைக்குள் புதைக்கலாமா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

அளவு: நீளம் மூன்றரை அடி, அகலம் இரண்டரை அடி, ஆழம் 4 அடி. மொத்தம் 35 கன அடி, ஏறக்குறைய ஒரு கன மீட்டர். சுருண்ட உடல் ஒரு அடி உயரம் எடுத்துக்கொண்டால் அதன் மேல் மூன்றடி மண் நிற்கும். இந்த மூன்றடிதான் தெருநாயிடமிருந்தும் பெருச்சாளியிடமிருந்தும் காப்பாற்றுவது. ‘ரெண்டரை அடி போதும் சார்’ என்று வெட்டுகிறவர் சொல்வார், கேட்காதீர்கள். மேலுள்ள ஒரு அடி மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும், விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, தார்ப்பாய் மேல் குவியுங்கள். விளிம்பிலேயே குவித்தால் அந்தப் பாரத்தில் சுவர் சரியும். கடலோர மணலில் செங்குத்தாக வெட்டவே முடியாது, நான்கு பக்கமும் சரிவு விட்டு அகலமாகத் தொடங்க வேண்டும். கரிசல் மண் சித்திரையில் பாறை மாதிரி இருக்கும், கடப்பாரை இல்லாமல் இறங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வான பகுதிகளில் மூன்றடி தோண்டும் முன்பே தண்ணீர் ஊறும். ஊறினால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீரில் கிடக்கும் உடல் மக்காது, கசிவு அக்கம்பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். அந்த நேரத்தில் எரியூட்டுவதுதான் ஒரே வழி. 25 கிலோ நாய்க்குச் சுமார் ஒரு கிலோ சாம்பல் மிஞ்சும். அதை மண்கலயத்தில் இட்டு, பின்னால் கல்லுக்கு முன்புறம் ஒன்றரை அடி ஆழத்தில் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு உரமாகுமே என்று முழுவதையும் வேரடியில் கொட்டாதீர்கள். அந்தச் சாம்பலில் காரமும் உப்பும் அதிகம், செடி கருகிவிடும்.

உடலைப் பழைய பருத்தி வேட்டியிலோ போர்வையிலோ சுற்றுங்கள். பாலியஸ்டர் போர்வை, பிளாஸ்டிக் பை, தெர்மாகோல் பெட்டி எதுவும் கூடாது. பிளாஸ்டிக்கில் கட்டிப் புதைத்தால் காற்றுப் போகாமல் ஆண்டுக்கணக்கில் அழுகிக் கிடக்கும். கழுத்துப் பட்டையையும் தகட்டையும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு முனையையும் இரண்டு பேர் பிடித்துத் தூளி மாதிரி இறக்க வேண்டும். ஒருவர் குழிக்குள் நின்று வாங்குவது ஆபத்து, முக்கியமாக மணற்பாங்கான இடத்தில்.

உப்பும் சுண்ணாம்பும் பற்றி ஆளுக்கொரு பேச்சு உண்டு. சுண்ணாம்பு உடலைக் கரைத்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. நேர்மாறாக, உடல்மேல் கனமாகக் கொட்டினால் ஓடு போல இறுகி மக்குவதைத் தாமதப்படுத்தும். நாற்றத்தை அடக்க மட்டும் உதவும், அதற்கும் ஒன்றரை அடி மண் போட்ட பிறகு இரண்டு கிலோவைத் தூவினால் போதும். கல் உப்பைச் சம்பிரதாயத்துக்கு ஒரு பிடி போடுங்கள், மூட்டையாகக் கொட்டினால் அந்த இடத்தில் நாலைந்து வருடத்துக்கு ஒன்றும் முளைக்காது.

மருத்துவர் ஊசி போட்டு உயிரை அமைதியாகப் போக்கியிருந்தால், மூன்றடி மண் என்ற கணக்கில் ஒரு இன்ச்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்குப் பயன்படுத்தும் பார்பிட்டுரேட் வகை மருந்து உடலிலும் மண்ணிலும் நெடுநாள் தங்கும். தோண்டித் தின்னும் விலங்கும் பறவையும் சாகும்.

அடிமண்ணை முதலில் போட்டு, ஒரு அடி ஏறியதும் கோழிவலையையோ உடைந்த கடப்பாக் கல் துண்டுகளையோ பரப்புங்கள். பிறகு மீதி மண், கடைசியில் மேல்மண். காலால் மிதித்து இறுக்க வேண்டாம், அது எப்படியும் சீராக இறுகாது. தரைக்கு மேல் ஒரு அடி உயரத்தில் முகடு விட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மழைக்குள் அது தரைமட்டத்துக்கு வரும், சில இடங்களில் பள்ளமே விழும்.

கடைசியாக, பலர் மறந்துவிட்டுப் பின்னால் கஷ்டப்படுவது: குழியின் நான்கு மூலையிலும் சவுக்கு முளை அடித்து, சுற்றுச்சுவரிலிருந்து ஒவ்வொரு மூலையும் எத்தனை அடி என்று தடுப்பூசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் புல் முளைத்துவிடும், குழியின் விளிம்பு எது என்று யாருக்கும் தெரியாது. கல்லுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அந்த விளிம்பு தெரிந்தே ஆக வேண்டும்.

கல்

காத்திருக்கும் மாதங்களில் கல்லைத் தேடலாம். நாய்க்குக் கல் நடுவது புதுப் பழக்கமல்ல. திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்த நடுகல்லில், எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் வட்டெழுத்தில் தனியாக வெட்டப்பட்டுள்ளன. கர்நாடகத்தில் மண்டியா பக்கத்து ஆதகூரில், காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்ற வேட்டைநாய்க்கு எடுத்த கல் பத்தாம் நூற்றாண்டின் நடுவைச் சேர்ந்தது; இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடப்பாக் கல் மலிவு, மென்மை, வீட்டிலேயே எழுத்து வெட்டலாம். ஆனால் அது சுண்ணாம்புக் கல்; வெயிலிலும் மழையிலும் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாகும், ஏடு ஏடாகப் பெயரும். நிழலான இடத்துக்குச் சரி. பளிங்கு நம் மழைக்குப் பாசி பிடித்து மஞ்சளாகும். திறந்த தோட்டத்துக்குக் கருங்கல்தான். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்புக் கிரானைட் கிடைத்தால் நல்லது. சமையலறை மேடை போடுகிற பட்டறைகளில் வெட்டிக் கழித்த துண்டுகள் கிடக்கும், ஆனால் அவை பெரும்பாலும் முக்கால் இன்ச் கனம். நட்டு வைக்க இரண்டு இன்ச் வேண்டும். 24 இன்ச் உயரம், 12 இன்ச் அகலம், 2 இன்ச் கனம் உள்ள கல் 25 முதல் 28 கிலோ வரை இருக்கும். போன நாயின் எடையேதான்.

தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் வரிசையில் காட்சி, கால்கோளுக்கு அடுத்து நீர்ப்படை வருகிறது, அதாவது கல்லை நீராட்டுவது. அது சடங்கு. ஆனால் கல் வாங்கும்போதும் தண்ணீர் கொண்டுபோங்கள். முழுக் கல்லையும் நனைத்துவிட்டுக் காய்வதைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் முடி போல ஒரு கறுப்புக் கோடு ஈரமாக நின்றால் அங்கே விரிசல். சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். ‘பொத்’ என்றால் வேறு கல்லைப் பாருங்கள்.

எழுத்து

வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். பெயர், இரண்டு ஆண்டுகள், மிஞ்சினால் ஒரு வரி. 12 இன்ச் அகலத்தில் இருபுறமும் ஒன்றரை இன்ச் ஓரம் விட்டால் 9 இன்ச்தான் மிச்சம். தமிழ் எழுத்து உயரத்தைவிட அகலம் கூடியது. ஒன்றரை இன்ச் உயரத்தில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்து தாங்கினால் பெரிது.

மூன்று வழிகள் உண்டு. லேசர் ஆழமாகப் போகாது, மேல் பளபளப்பை மட்டும் வெளுக்க வைக்கும். கடையில் பார்க்க அழகு. தோட்டத்தில் கல் நனைந்ததும் எழுத்து மறையும், நாயின் புகைப்படமும் அப்படியே. ரப்பர் தாள் ஒட்டி மணல் பீய்ச்சி வெட்டுவது மூன்று மில்லிமீட்டர் வரை இறங்கும். இருப்பதில் நிதானமான தேர்வு இதுதான். மூன்றாவது கல்தச்சரின் உளி. கையால் வெட்டிய எழுத்துக்கு ஒரு நிழல் உண்டு, மாலை வெயிலில் வண்ணமே இல்லாமல் படிக்கலாம்.

எந்திர வழி என்றால் எழுத்துருச் சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். பட்டறைக் கணினியில் பழைய மென்பொருளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும்தான் இருக்கும். வாட்ஸாப்பில் அனுப்பிய யூனிகோடு வரியை அங்கே ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறும், மெய்யெழுத்தின் புள்ளி பறந்துவிடும். தமிழ் தெரியாத ஆள் அதை அப்படியே கல்லில் இறக்கிவிடுவார். நீங்களே வடிவமைத்து, எழுத்துகளைக் கடைக்காரர்கள் சொல்கிறபடி ‘கர்வ்’ ஆக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். உண்மை அளவில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள். கல்லில் பிழை திருத்த அழிப்பான் கிடையாது.

உளி வேலை என்றால் ‘மணி’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தச்சர் ‘ம’வைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவார். ‘ணி’தான் பரீட்சை. சுழிகளுக்கு நடுவில் நிற்கும் மெல்லிய சுவர், எழுத்து ஒரு இன்ச்சுக்குக் கீழே போனால், ஒரே அடியில் தெறித்துவிடும். பிறகு ‘ண’ வெறும் பள்ளம். ஆகவே சுழிகளின் உள்பக்கத்தை முதலில், சிற்றுளியால், உளியைச் செங்குத்தாகப் பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பொளிய வேண்டும். வெளிக்கோடும் மேல் கொக்கியும் பிறகு. கொக்கி ‘ண’வின் கடைசிக் காலைத் தொடும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். கூலி எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். புள்ளியும் கொக்கியும் கணக்கில் உண்டா என்று முன்பே கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. நமக்கு அந்தச் சலுகை இல்லை.

கடப்பாவில் நீங்களே வெட்டுவதாக இருந்தால் கார்பைடு முனை உளி, அரைக் கிலோ சுத்தியல், கண்ணாடி, என்95 முகமூடி. கல்லின் மேல் வெள்ளை போஸ்டர் வண்ணம் பூசி, காய்ந்ததும் கார்பன் தாளால் எழுத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்ட வேண்டும். கருங்கல்லில் எந்திரத்தால் உலர்வாக வெட்டவே கூடாது, அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

நடுதல்

மழை ஓய்ந்து, பள்ளம் விழுந்த இடத்தில் மண் நிரப்பி, தை பிறந்த பிறகு நடலாம். குழியின் தலைமாட்டில், விளிம்பிலிருந்து ஒரு அடி தள்ளி, தோண்டப்படாத கன்னி மண்ணில் அஸ்திவாரம் போடுங்கள். முதல் நாள் அடித்த முளைகள் இப்போது கைகொடுக்கும்.

18 இன்ச் நீளம், 12 இன்ச் அகலம், 13 இன்ச் ஆழம். அடியில் 4 இன்ச் உடைகல்லைக் கொட்டித் திமிசு போடுங்கள். கரிசல் மண்ணில் இது போதாது, மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கும் மண் அது; இரண்டடி வரை தோண்டி, கூடுதல் ஆழத்தைக் கிராவலால் நிரப்ப வேண்டும். மேலே 9 இன்ச் கான்கிரீட், 1:2:4 கலவை. அளவு: சிமெண்ட் 10 கிலோ, அதாவது ஏழு லிட்டர்; மணல் 14 லிட்டர்; சின்ன ஜல்லி 28 லிட்டர்; தண்ணீர் ஐந்தரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. முதலில் 3 இன்ச் போட்டு, அதன் மேல் கல்லைப் பின்விளிம்பிலிருந்து 3 இன்ச் உள்ளே தள்ளி நிறுத்தி, இரு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு மீதி 6 இன்ச்சைப் போடுங்கள். வெளியே 18 இன்ச் தெரியும். கல்லின் கீழ்ப்பகுதியில் முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் சிமெண்ட் கறை படியாது. கறை படிந்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், கடப்பா ஒரே நிமிடத்தில் வெளுத்துவிடும்.

கல்லுக்கு முன்னால் 7 இன்ச் மேடை மிச்சம் இருக்கும். கான்கிரீட் போட்ட கையோடு அதன் மேல் அரை இன்ச் பூச்சு, சலித்த மணலில் 1:3. முன்பக்கம் அரை இன்ச் தாழும்படி சரிவு கொடுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து விரலை வைத்துப் பாருங்கள். தடம் விழ வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அப்போது பிளாஸ்டர் பாதத்தில் எண்ணெய் தடவி, நேராக அமுக்கி, நேராக எடுங்கள். சீக்கிரம் அமுக்கினால் ஓரம் சரிந்து மூடும், தாமதித்தால் பதியாது. சரிவு இல்லையென்றால் பாதத் தடத்தில் மழைநீர் தேங்கிப் பாசி பிடிக்கும். ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள், இரவில் பூனை நடக்காமல் இருக்கவும் அது உதவும்.

செடி வைக்க அவசரம் வேண்டாம். உடல் மக்கும் மாதங்களில் அங்கே தழைச்சத்து மிஞ்சிக் கிடக்கும், இளம் வேர் கருகும். ஒரு வருடம் கழித்து, குழிக்குப் பக்கவாட்டில் மூன்றடி தள்ளி, பவழமல்லியோ நந்தியாவட்டையோ வைக்கலாம். வேம்பு, அரசு போன்றவை சில வருடத்தில் கல்லையே பெயர்த்துவிடும். வீட்டில் வேறு நாயோ மாடோ இருந்தால் அரளி வைக்காதீர்கள், இலையும் பட்டையும் பூவும் விஷம்.

எழுத்துக்கு வண்ணம் தீட்டுவதாக இருந்தால் வெள்ளை எனாமல் போதும். பளபளப்பான கல்லில் தாராளமாகப் பூசிவிட்டு, மேலே வழிந்ததைக் காயும் முன் துணியால் துடைத்துவிடலாம். சொரசொரப்பான கல்லில் துடைத்தால் அப்பிக்கொள்ளும், அங்கே டேப் ஒட்டித்தான் பூச வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபூச்சு தேவைப்படும்.

அடுத்த கார்த்திகை மழை முடிந்ததும் கல்லின் தலையில் ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நின்றால் வேலை முடிந்தது. குழிக்கு எதிர்ப்பக்கமாக ஓடினால் கல் குழிப் பக்கம் சாய்கிறது, அஸ்திவாரம் விளிம்புக்கு மிக அருகில் விழுந்துவிட்டது என்று பொருள். முன்பக்க ஓரத்தில் ஆறு இன்ச் பள்ளம் பறித்து, உடைகல் திணித்து, கடப்பாரையால் நெம்பி நிமிர்த்தலாம்.